பழைய கார் விக்கறவங்களே, நாலு நம்பர் குடுங்க!

பழைய கார் வாங்கப் போறவன் முதல்ல கேக்கற கேள்வி, "எத்தனை மைல் ஓடியிருக்கு?" விக்கறவர் ஒரு நம்பர் சொல்வார். அடுத்த கேள்வி, "ஏதாவது பிரச்சனை இருக்கா?" இதுக்கு பதில் எப்பவும் ஒண்ணுதான்: "சேச்சே, பக்கா கண்டிஷன்." அத்தோட பேச்சு முடிஞ்சு சாவி கை மாறிடும்.

என்னைக் கேட்டா இந்த ரெண்டு கேள்வியும் வேஸ்ட். கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: "நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் எவ்வளவு?" கூடவே இன்னொண்ணு: "டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டு எங்க நிக்குது?" இந்த ரெண்டுக்கும் பதில் சொல்லாம முப்பது வயசு தாண்டின காரை இன்னொருத்தர் தலையில் கட்டுறது நியாயமில்லைங்கறதுதான் இந்தப் பதிவு.

இங்க அமெரிக்காவில் படிக்க வர்ற நம்ம பசங்க நடுவில் இது தினப்படி நடக்கிற வியாபாரம். மே மாசம் பட்டம் வாங்கிட்டு வேலைக்குக் கிளம்பற சீனியர், ஆகஸ்ட்டில் வந்து இறங்கற ஜூனியருக்கு காரை விப்பார். அந்த ஜூனியர் ரெண்டு வருஷம் ஓட்டிட்டு இன்னொரு ஜூனியருக்கு விப்பான். கார் ஊரை விட்டே போறதில்லை, கை மட்டும் மாறும். காரோட சேர்ந்து அதோட நோயும் கை மாறும். விலை ஆயிரமோ ஆயிரத்து ஐநூறோ டாலர். உதவித்தொகையில் வாழறவனுக்கு அது ரெண்டு மாச வாடகைக்கும் மேல.

நான் சொல்றது எல்லா காருக்கும் பொருந்தாது. 1996-லிருந்து அமெரிக்காவில் விற்ற கார்களில் ஓபிடி-2ன்னு ஒரு பொதுவான சோதனை முனை உண்டு. சின்ன ஸ்கேனரைச் செருகினா எந்த சிலிண்டர் மிஸ் ஆகுதுன்னு காரே ஓரளவு சொல்லிடும். பின்னால வந்த எஞ்சின்களில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது; கை வைக்க இடமே இல்லை. நான் பேசறது அதுக்கு முந்தின தலைமுறையைப் பத்தி. 90-களின் முதல் பாதியில் வந்த கொரோலா, சிவிக் மாதிரி கார்கள். துருப்பிடிக்காத ஊர்களில் இன்னமும் சாகாம ஓடிக்கிட்டிருக்கு. இதுகளுக்கு உடம்பு சரியில்லைன்னா நாமதான் கைபிடிச்சு நாடி பாக்கணும்.

ஒரே சொல், ரெண்டு விஷயம்

குழப்பம் "டைமிங்"ங்கற சொல்லிலேயே ஆரம்பிக்குது. "டைமிங் அவுட்டு" அப்படின்னு மெக்கானிக் சொன்னா அதுக்கு ரெண்டு அர்த்தம் உண்டு.

ஒண்ணு, இக்னிஷன் டைமிங். பிளக்கில் பொறி எப்ப விழுதுங்கற கணக்கு. இதை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி மாத்தலாம்.

இன்னொண்ணு, வால்வு டைமிங். வால்வுகள் எப்ப திறக்குது, எப்ப மூடுதுங்கற கணக்கு. இது கிராங்க்கையும் கேம் ஷாஃப்ட்டையும் இணைக்கிற பெல்ட்டின் கையில் இருக்கு. திருப்பி மாத்தற சமாச்சாரம் இல்லை. பெல்ட் பல்லு சரியா உக்காந்திருக்கணும், அவ்வளவுதான்.

இப்ப கவனிங்க. நான் சொல்ற கார்களில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுத்தறதே கேம் ஷாஃப்ட்தான். அதனால பெல்ட் ஒரு பல்லு நழுவினா வால்வு டைமிங்கும் போகும், இக்னிஷன் டைமிங்கும் கூடவே போகும். கிராங்க் சக்கரத்தில் 24 பல்லு இருந்தா ஒரு பல்லுக்கு 15 டிகிரி. 18 பல்லுன்னா 20 டிகிரி. ரெண்டும் அதே அளவு தள்ளிப்போகும். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினா ஒண்ணு மட்டும் சரியாகும், இன்னொண்ணு அப்படியே கிடக்கும். காய்ச்சல்காரனுக்குப் பவுடர் பூசி கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போற கதைதான்.

கம்ப்ரஷன்னா என்ன, 191 எங்கிருந்து வந்துச்சு?

90-களின் கொரோலாவில் வந்த 1.6 லிட்டர் 4ஏ-எஃப்இ எஞ்சினை எடுத்துக்குவோம். கையேடு சொல்ற கணக்கு இது: கம்ப்ரஷன் 191 பிஎஸ்ஐ இருக்கணும். 142-க்குக் கீழ போகக்கூடாது. சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம் 14-ஐத் தாண்டக்கூடாது.

இந்த 191 எங்கிருந்து வருதுன்னு ஒரு தடவை யோசிச்சுட்டா மிச்ச எல்லாம் புரிஞ்சிடும். இந்த எஞ்சினில் கம்ப்ரஷன் விகிதம் 9.5-க்கு 1. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. ரெண்டையும் பெருக்கினா கிட்டத்தட்ட 140. ஆனா காற்றை அழுத்தினா சூடாகும், சூடானா அழுத்தம் இன்னும் ஏறும். சூடு துளிகூட வெளியே போகலைன்னு வச்சு பாடப்புத்தகக் கணக்குப் போட்டா 340-ஐத் தாண்டுது! நிஜத்தில் கெஜ் காட்டறது 190 பக்கம்தான். மிச்சம் எங்க போச்சு?

கொஞ்சம் சூடு சிலிண்டர் சுவருக்குப் போகுது. கொஞ்சம் காற்று ரிங் இடைவெளியில் கசியுது. இன்னொரு காரணமும் உண்டு: உள்வாங்கும் வால்வு, பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்ட உடனே மூடறதில்லை. பிஸ்டன் மேல ஏற ஆரம்பிச்ச பிறகும் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். வேகமா ஓடும்போது உள்ள பாயற காற்று அந்த நேரத்திலும் வந்துக்கிட்டே இருக்கும்னு அப்படி வடிவமைச்சிருக்காங்க. ஆனா ஸ்டார்ட்டர் மோட்டார் மெதுவா சுத்தும்போது, அந்த நேரத்தில் காற்று வந்த வழியே திரும்பி ஓடும். நிஜமா அழுத்தம் ஆரம்பிக்கறது வால்வு மூடினதுக்கு அப்புறம்தான்.

இதிலிருந்து என்ன தெரியுது? வால்வு இன்னும் 15 டிகிரி தாமதமா மூடினா இன்னும் நிறைய காற்று வெளியே ஓடும், கம்ப்ரஷன் குறையும். ரிங் தேயாமலே குறையும், வால்வு கருகாமலே குறையும், அதுவும் நாலு சிலிண்டரிலும் ஒரே அளவு குறையும். இதை மனசில் வச்சுக்கங்க, பின்னால வருது.

நாலு நம்பரைப் படிக்கிறது எப்படி?

அளக்கிறது பெரிய வித்தை இல்லை. எஞ்சின் சூடா இருக்கணும். நாலு பிளக்கையும் கழட்டணும், ஒண்ணு மட்டும் கழட்டிப் பாக்கறது போங்கு. டிஸ்ட்ரிபியூட்டர் கனெக்டரையும் இன்ஜெக்டர் கனெக்டர்களையும் உருவிடணும், இல்லேன்னா பொறியும் பெட்ரோலும் சேர்ந்து விபரீதம் ஆயிடும். பேட்டரி தெம்பா இருக்கணும். ஒருத்தர் ஆக்ஸிலரேட்டரைத் தரையோட அழுத்தி வச்சுக்கணும். காற்று உள்ள வர வழி விடலைன்னா கெஜ் பாவம் எதைக் காட்டும்? ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதே மாதிரி நாலஞ்சு தடவை சுத்தவிட்டு எழுதிக்கணும்.

எழுதின பிறகு இப்படிப் படிக்கணும்:

ஒரு சிலிண்டர் மட்டும் கம்மின்னா, அதில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயிலை ஊத்தி மறுபடி அளக்கணும். நம்பர் நல்லா ஏறினா ரிங் பிரச்சனை; ஆயில் இடைவெளியை அடைச்சிருக்கு. ஏறலைன்னா வால்வு.

பக்கத்து பக்கத்து சிலிண்டர் ரெண்டும் கம்மின்னா, நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்கணும்.

நாலும் கம்மி, ஆயில் ஊத்தினா நாலும் நல்லா ஏறுது - எஞ்சின் உண்மையிலேயே தேஞ்சிருக்கு.

நாலும் கம்மி, நாலும் கிட்டத்தட்ட சமம், ஆயில் ஊத்தினாலும் பெரிசா ஏறலை - பேட்டரியும் ஆக்ஸிலரேட்டரும் சரியா இருந்துச்சான்னு ஒரு தடவை பாத்துட்டு, டைமிங் பெல்ட்டைச் சந்தேகப்படுங்க.

நம்பர் கையேட்டை விட அதிகமா இருந்தாலும் சந்தோஷப்படாதீங்க. பிஸ்டன் தலையில் கரி படிஞ்சு இடத்தை அடைச்சிருக்கலாம், இல்லேன்னா யாராவது அளக்கறதுக்கு முன்னாடி ஆயில் ஊத்தியிருக்கலாம். :-)

ஊரையும் கணக்கில் எடுக்கணும். டென்வர் மாதிரி 5,280 அடி உயரத்தில் காற்றழுத்தமே 12 பிஎஸ்ஐ சொச்சம்தான். அங்க 160 காட்டற எஞ்சின் நல்ல எஞ்சின். அதே 160 ஹூஸ்டனில்னா வேற கதை.

இன்னொரு விஷயம், வால்வு இடைவெளி. இந்த எஞ்சினில் குளிர்ந்த நிலையில் உள்வாங்கும் வால்வுக்கு 0.15-லிருந்து 0.25 மில்லிமீட்டர், வெளியேத்தற வால்வுக்கு 0.20-லிருந்து 0.30 இருக்கணும். வால்வு உக்கார்ற இடம் தேயத் தேய இந்த இடைவெளி குறையும். குறைஞ்சா சத்தமும் குறையும். "எஞ்சின் எவ்வளவு அமைதியா ஓடுது பாரு"ன்னு விக்கறவர் பெருமைப்படற நேரத்தில், வால்வு முழுசா மூடாம கருகிக்கிட்டு இருக்கும். டக் டக்னு சத்தம் போடற வால்வை விட சத்தமே போடாத வால்வுக்குத்தான் பயப்படணும்.

புகையைப் பத்தியும் ஒரு வார்த்தை. நீலப்புகை வந்தா "ரிங் போச்சு, எஞ்சின் அவுட்டு"ன்னு தீர்ப்பு சொல்ற ஆளுங்க நிறைய. ராத்திரி முழுக்க நின்னுட்டு காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் ஒரு குப்பென்ற புகை வந்து அடங்கினா, அது பெரும்பாலும் வால்வு சீல். சின்ன ரப்பர் சமாச்சாரம். அதுக்கும் கம்ப்ரஷனுக்கும் சம்பந்தமில்லை. அளக்காம எப்படித் தெரியும்?

பொறி விழற நேரம்

பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே பொறி விழணும். தீ சிலிண்டர் முழுக்கப் பரவ நேரம் எடுக்கும், அதான் காரணம். எஞ்சின் நிமிஷத்துக்கு 750 சுற்று சும்மா ஓடும்போது ஒரு மில்லி செகண்டில் கிராங்க் 4.5 டிகிரி திரும்பும். 3,000 சுற்றில் அதே மில்லி செகண்டில் 18 டிகிரி. வேகம் கூடக்கூட பொறியை முன்னாடி தள்ளிக்கிட்டே போகணும். 90-களின் காரில் அந்த வேலையை இசியு கம்ப்யூட்டர் பாத்துக்கும். நாம வைக்கிறது ஆரம்பப் புள்ளியை மட்டும்தான். 4ஏ-எஃப்இ-க்கு அது உச்சிக்கு 10 டிகிரி முன்னால.

இங்கதான் பல பேர் கோட்டை விடறாங்க. சும்மா டைமிங் லைட்டை அடிச்சுப் பாத்தா இசியு தன் பங்குக்கு மாத்தி வச்சிருக்கிற கணக்குதான் தெரியும். பானெட்டுக்குக் கீழ இருக்கிற சோதனைப் பெட்டியில் டிஇ1, இ1ன்னு ரெண்டு முனை இருக்கும். அதை ஒரு சின்ன ஒயரால் இணைச்சா இசியு தன் திருத்தத்தை நிறுத்திடும். அப்ப தெரியறதுதான் உண்மையான ஆரம்பப் புள்ளி. ஹோண்டாவிலும் இதே மாதிரி ஒரு சோதனைக் கனெக்டரை இணைச்சுட்டுத்தான் பாக்கணும். நம்பர் மட்டும் வேற. ஒயர் போடாம டைமிங் வச்ச மெக்கானிக், செருப்போட எடை மெஷினில் ஏறினவர் மாதிரி.

பொறி ரொம்ப முன்னாடி விழுந்தா ஏத்தத்தில் கடகடன்னு நாக்கிங் வரும். நாளாக ஆக பிஸ்டனையே தின்னுடும். ரொம்பப் பின்னாடி விழுந்தா இழுவை போகும், பெட்ரோல் குடிக்கும், எரிஞ்சு முடியாத சூடு சைலன்சர் பக்கம் போகும். ரெண்டாவது வகையில் சத்தம் எதுவும் வராது. அதனால அது வருஷக்கணக்கில் யாரும் கவனிக்காமலே கிடக்கும்.

ஒரு கொரோலாவின் கதை

இவ்வளவு பேசறதுக்குக் காரணம் சமீபத்தில் கையில் வந்த ஒரு கேஸ். பக்கத்து அபார்ட்மெண்ட் ஜூனியர் ஒருத்தன், பேர் வேண்டாம், 1994 கொரோலா ஒண்ணை 1,400 டாலருக்கு வாங்கினான். வாங்கின மூணாவது வாரம், "அண்ணா, ஹைவேயில் ஏறும்போது வண்டி இழுக்கவே மாட்டேங்குது, பின்னாடி வர்ற டிரக்கு ஹாரன் அடிக்கிறான்"னு வந்து நின்னான். முன்னாடியே ஒரு கடையில் காட்டியிருக்கான். அவங்க கம்ப்ரஷன் அளந்துட்டு, "எல்லாம் கம்மி, ரிங் போச்சு, வேற எஞ்சின் போடணும், 1,800 டாலர்"னு சொல்லியிருக்காங்க. அளந்த நம்பரைக்கூட எழுதிக் குடுக்கலை. பையன் காரை ஓட்டை விலைக்குப் போட்டுட்டு மறுபடி பஸ்ஸில் போகலாம்னு முடிவே பண்ணிட்டான். அவன் வேலை பாக்கற இடத்துக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல பஸ் கிடையாது.

ஒரு நண்பர் வீட்டு கராஜில் வச்சு அளந்தோம். 146, 148, 145, 147. ஆயில் ஊத்தினா அஞ்சாறு ஏறுச்சு, அவ்வளவுதான்.

நம்பரைக் கவனிங்க. குறைஞ்சபட்சம் 142. அதை விட மூணுலிருந்து ஆறு மேல. கையேட்டை மட்டும் பாக்கறவர் "பாஸ்"னு சொல்லிடுவார். கடைக்காரர் மாதிரி 191-ஐப் பாக்கறவர் "ஃபெயில்"னு சொல்லிடுவார். ரெண்டு பேரும் கேக்காத கேள்வி: நாலு சிலிண்டர் ரிங்கும் மூணு பிஎஸ்ஐ வித்தியாசத்தில் சொல்லி வச்ச மாதிரி ஒரே அளவு தேயுமா? முப்பது வருஷத்தில்? நாலு அண்ணன் தம்பிக்கு ஒரே நாளில் ஒரே பல்லு விழற மாதிரி இருக்கு.

டைமிங் லைட் அடிச்சோம், ஒயர் போட்டு. சரியா 10 டிகிரி. அச்சு பிசகலை. இன்டேக்கில் வேக்குவம் கெஜ் மாட்டினா 14 அங்குலத்தில் ஆடாம அசையாம நிக்குது. நல்ல எஞ்சின்னா கடல் மட்டத்துப் பக்கம் 17-லிருந்து 22-க்குள்ள இருக்கணும். முள்ளு ஆடினா ஏதோ ஒரு வால்வைச் சந்தேகப்படலாம். ஆடாம கீழேயே நின்னா ஏதோ ஒண்ணு எல்லா சிலிண்டருக்கும் சேர்த்து தாமதம்னு அர்த்தம்.

அப்புறம்தான் டிஸ்ட்ரிபியூட்டரைப் பாத்தோம். அதைப் பிடிச்சிருக்கிற போல்ட்டுக்கு ஒரு நீளமான ஓட்டை இருக்கும், திருப்பி வைக்க வசதியா. நல்லா இருக்கிற எஞ்சினில் போல்ட்டு அந்த ஓட்டைக்கு நடுவாந்திரத்தில் நிக்கும். இதில் ஒரு ஓரத்தில் முட்டிக்கிட்டு நின்னுச்சு. இதுக்கு மேல திருப்ப இடமே இல்லை.

யாரோ எப்பவோ பொறி தாமதமா விழறதைப் பாத்திருக்காங்க. ஏன் தாமதம்னு கேக்கலை. கடைசி வரைக்கும் திருப்பி 10-ல கொண்டு வந்து நிறுத்தி, போல்ட்டை இறுக்கிட்டுப் போயிட்டாங்க. டைமிங் சரியா இருக்குன்னு லைட்டும் சாட்சி சொல்லுது!

வால்வு கவரையும் மேல் டைமிங் கவரையும் கழட்டி, கிராங்க்கை பூஜ்யக் குறியில் நிறுத்தினோம். கேம் சக்கரத்தில் இருக்கிற சின்ன ஓட்டையும் பின்னால பேரிங் கேப்பில் இருக்கிற குறியும் நேருக்கு நேர் வரணும். வரலை. ஒரு பல்லு தள்ளி நின்னுச்சு. கேம் சீல் கசிஞ்சு பெல்ட் முழுக்க ஆயிலில் ஊறியிருந்துச்சு. பெல்ட், ஐட்லர், சீல் எல்லாம் சேர்த்து நூறு டாலருக்குக் கொஞ்சம் மேல. ரெண்டு சனிக்கிழமை உழைப்பு.

புது பெல்ட்டைக் குறி பாத்து மாட்டிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடாம ஸ்டார்ட் பண்ணி, டயல் உள்ள லைட்டில் பாத்தோம். சுமார் 25 டிகிரி! பழைய 10, பெல்ட் திருப்பிக் குடுத்த 15. கணக்கு டாலி. உடனே டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி 10-க்குக் கொண்டு வந்தோம். போல்ட்டு தானா ஓட்டையின் நடுவில் வந்து உக்காந்துச்சு. கம்ப்ரஷன் 176, 178, 174, 177. வேக்குவம் 19. ரிங் நல்லாத்தான் இருந்துச்சு. முப்பது வருஷம் ஆன எஞ்சினுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?

திருப்பறது தப்பா?

நம்ம ஊர் மெக்கானிக் அண்ணன்களைத் தெரிஞ்சவங்க இப்ப சண்டைக்கு வருவீங்க. "ஏம்ப்பா, அம்பாசிடர் காலத்திலிருந்து காதால கேட்டே டைமிங் வச்சவங்க நாங்க. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பறது என்ன கொலைக்குத்தமா?"

இல்லவே இல்லை. பாயிண்ட் வச்ச பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் அது நியாயமான வேலை. கேமில் உரசற கட்டை தேயும், பாயிண்ட் இடைவெளி குறையும், பொறி கொஞ்சம் கொஞ்சமா தாமதமாகும். அப்பப்ப இடைவெளியைச் சரி பண்ணி, திருப்பி வச்சே ஆகணும். காதால கேட்டு, ஏத்தத்தில் ஓட்டிப் பாத்து, நாக்கிங் வந்தா ஒரு மயிரிழை பின்னுக்குத் தள்ளற அந்த வித்தைக்கு நான் பரம ரசிகன்.

ஆனா 90-களின் எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரில் உரசித் தேயற பாயிண்ட் கிடையாது. அது காரணமில்லாம இடம் மாறாது. அஞ்சு பத்து டிகிரி மாறியிருந்தா, ஒண்ணு யாரோ கை வச்சிருக்காங்க, இல்லேன்னா அதைச் சுத்தற பெல்ட் நகர்ந்திருக்கு. அந்தக் காரில் டைமிங் மாறினது ஒரு தகவல். அதைத் திருப்பி அழிக்கிறது, மீட்டரைப் பின்னாடி ஓட்டற மாதிரிதான் எனக்குப் படுது. செய்தவருக்குக் கெட்ட எண்ணம் இருக்கணும்னுகூட இல்லை. அவசரம் போதும்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட கணக்கும் உண்டு. ஒரு பல்லு நழுவின பெல்ட், இன்னொரு நாள் ரெண்டாவது பல்லும் நழுவும், இல்லேன்னா அறுந்துடும். ஹோண்டா சிவிக் மாதிரி எஞ்சினில் அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதி வால்வு வளைஞ்சிடும், எஞ்சின் காலி. வளையாத எஞ்சினா இருந்தாலும், ராத்திரி ஹைவேயில் நடு லேனில் எஞ்சின் அணையறது விளையாட்டில்லை.

"ஆயிரம் டாலர் காருக்கு இதெல்லாம் தேவையா?"

நியாயமான கேள்விதான். இங்க கடையில் மணிக்கணக்கில் கூலி வாங்கறாங்க. பழைய காரைக் கண்டுபிடிக்கச் செலவழிக்கிற நேரம் காரோட விலையை நெருங்கிடும். அதனால அவங்க சுலபமான பதிலைச் சொல்றாங்க: மொத்தமா மாத்து. அதை முழுசாக் குத்தம் சொல்லவும் முடியலை. ஆனா அதே காரணத்தால்தான் அளக்கற வேலையை நாம கத்துக்கணும்கறேன். ஆட்டோசோன், ஓ'ரெய்லி மாதிரி உதிரிபாகக் கடைகளில் முன்பணம் கட்டினா கம்ப்ரஷன் கெஜை இரவல் குடுப்பாங்க. நல்லபடியா திருப்பிக் குடுத்தா முன்பணமும் திரும்ப வந்துடும். செலவு ஒரு மதியம்.

நாலு நம்பர் எல்லாத்தையும் சொல்லிடாது. கியர்பாக்ஸ் சாகக் கிடக்கலாம், அடியில் துரு தின்னிருக்கலாம், பிரேக் போயிருக்கலாம். அதெல்லாம் தனியாப் பாக்கணும். ஆனா எஞ்சின் விஷயத்தில் "பக்கா கண்டிஷன்"ங்கற ஜாலத்தை உடைக்க இதை விட மலிவான வழி எனக்குத் தெரியலை. நம்பர் பொய் சொல்லாதுன்னு சொல்லமாட்டேன். நாலும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்றது கஷ்டம்.

அதனால என் கோரிக்கை இதுதான். அடுத்த மே மாசம் காரை விக்கப் போற சீனியர்களே, ஒரு துண்டுச் சீட்டில் இதை மட்டும் எழுதி சாவியோட சேர்த்துக் குடுங்க: அளந்த தேதி. ஊர். நாலு சிலிண்டர் கம்ப்ரஷன். ஒயர் போட்டுப் பாத்த டைமிங். டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டு நடுவிலயா, ஓரத்திலயா. பெல்ட் மாத்தின மைல்.

நம்பர் மோசமா இருந்தா மறைக்க வேண்டாம், விலையைக் குறைங்க. வாங்கறவன் தெரிஞ்சே வாங்கட்டும். வாங்கற ஜூனியர்களே, சீட்டு கேட்டு வாங்குங்க. குடுக்க மாட்டேன்னா கெஜை நீங்களே எடுத்துட்டுப் போங்க. அளக்கவே விடமாட்டேன்னு சொல்றவர்கிட்ட வேற எதையும் கேக்க வேண்டிய அவசியமே இல்லை, நன்றி சொல்லிட்டு நடையைக் கட்டுங்க.

அந்தக் கொரோலா சீட்டு இப்ப அதோட கையுறைப் பெட்டியில் இருக்கு. பையன் பட்டம் வாங்கிட்டுப் போகும்போது அதில் இன்னொரு வரி சேரணும்.

டிஸ்கி: டைமிங் பெல்ட்டில் முன்னப்பின்ன பழக்கமில்லாதவங்க தெரிஞ்ச ஆளைப் பக்கத்தில் வச்சுக்கிட்டு இறங்குங்க. அளக்கறதுக்கு மட்டும் யாரும் பயப்பட வேண்டாம். உங்க காரோட நாலு நம்பரைப் பின்னூட்டத்தில் போட்டா, சேர்ந்து படிச்சுப் பாக்கலாம்.